கூட ஓர் ஆள் எடை

ஏறுங்க, ஏறுங்க. முன்னாடியே உக்காருங்க. பையை சீட்டு மேல வெக்காதீங்க, பின்னால கால் வெக்கற எடத்துல கீழ வெச்சிருங்க. பிரேக் போட்டா உருண்டு முன்னால வரும். பெல்ட்டு? ம். டக்குன்னு சத்தம் கேக்கணும். கேட்டுதுங்களா? சரி, போலாம்.

அந்த பஸ்ஸு இன்னிக்கு நகராதுங்க. பெருந்துறைப் பாலத்துல வரும்போதே பாத்துட்டேன். ரேடியேட்டர் தண்ணி ரோட்டுல ஓடுது, டிரைவரு போனைக் காதுல வெச்சுட்டு நிக்கறாரு. காலையில எடுக்கறதுக்கு முன்னால அந்த ஹோஸைக் கையில ஒரு அமுக்கு அமுக்கிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஒரு நிமிஷ வேலை. அத்தனை பேரு வெயில்ல நிக்கறாங்க, எனக்குத்தான் மனசு கேக்கலை. ஒரு ஆளையாவது ஏத்திக்கலாமேன்னு நிறுத்தினேன். சேலம்தானுங்களே? நான் ஓசூர் போறேன். போற வழிதான்.

எம் பேரு குழந்தைவேலுங்க. கோயமுத்தூருல ஒரு பம்பு கம்பெனியில முப்பத்தோரு வருசம் இன்ஸ்பெக்சன்ல இருந்தேன். வார்ப்பு, சாஃப்ட்டு, தட்டு, எது வந்தாலும் நான் அளந்து பாத்தாத்தான் அடுத்த எடத்துக்குப் போகும். சரியா இருந்தா பச்சை மார்க்கு, இல்லீன்னா சிவப்பு. ரிட்டயர் ஆகி ஒண்ணரை வருசம் ஆச்சு.

ஏறும்போது கதவுல டேப்பு ஒட்டுன தடத்தைப் பாத்தீங்க. நானும் கவனிச்சேன். எங்காச்சும் அடிபட்ட வண்டியோன்னு நெனைச்சிருப்பீங்க. இல்லீங்க. இருபத்தேழுன்னு நம்பர் ஒட்டியிருந்துச்சு. போன மாசம் இந்த வண்டி போட்டியில ஓடுச்சு. நான்தான் ஓட்டினேன்.

ஆட்டோகிராஸுன்னு பேரு. ரேஸுன்னு சொன்னா எம் பொண்ணு சிந்துஜா பயந்துக்கறா. ரேஸ் இல்லீங்க. ஒரு பெரிய காலி மைதானம். ரோடு வேலை நடந்தா ஆரஞ்சு கலர்ல கோன் வெப்பாங்களே, அதை வளைச்சு வளைச்சு வெச்சு ஒரு பாதை போட்டிருப்பாங்க. ஒரு நேரத்துல ஒரு வண்டிதான் உள்ள போகும். யாரும் யாரையும் முந்த வேண்டியதில்லை. நம்ம வண்டி, நம்ம கை, ஒரு கடிகாரம். யாரு கம்மி நேரத்துல வெளிய வர்றாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. அதானுங்க எனக்குப் புடிச்சுது. அடுத்த ஆளு தொந்தரவே இல்லாத வெளையாட்டு.

டயர் கடையில கண்ணாடியில நோட்டீஸு ஒட்டியிருந்துச்சு. புதியவர்களுக்குத் தனிப் பிரிவு, உங்கள் சொந்தக் காரே போதும், எந்த மாற்றமும் செய்ய வேண்டாம். நான் மூணு தடவை படிச்சேன். வீட்டுக்கு வந்ததும் வசந்தாமணிக்குப் போன் போட்டேன். என் சம்சாரமுங்க. அவ ஓசூர்ல பொண்ணு வீட்டுல இருக்கறா. பேத்தி பொறந்தப்போ கூடமாட ஒத்தாசைக்குப் போனா. அஞ்சு வருசம் ஆகப்போகுது. பேத்தி இப்போ யூகேஜி. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் வந்துருவா. போன லீவுக்கு என்னமோ தோதுப்படலை.

"இருக்கற மேனிக்கே வந்தா போதுமாம் வசந்தா, எதையும் மாத்த வேண்டாமாம்"ன்னு சொன்னேன்.

"அப்படீன்னா உங்களுக்குன்னே கண்டுபுடிச்ச வெளையாட்டுதானுங்க"ன்னா.

அவ பாராட்டறதே அபூர்வம். எனக்கு அன்னிக்குப் பூரா சந்தோசம்.

மாத்த வேண்டாம்னா ஒண்ணும் செய்ய வேண்டாம்னு அர்த்தமில்லீங்க. அங்கதான் ஜனங்க தப்புப் பண்றாங்க. பதினோரு வருசத்து வண்டி. நான் ஒரு லிஸ்ட்டுப் போட்டேன். நாப்பத்தோரு வேலை. பிரேக் ஆயிலை மாத்தினேன். பிரேக் பேடைக் கழட்டி அளந்தேன். பேட்டரி ஆடுதான்னு பாத்து கிளாம்பை இறுக்கினேன். வளைவுல பேட்டரி நகந்துச்சுன்னா அதோட போச்சு. சக்கர நட்டுக எல்லாத்தையும் அளவு காட்டற ரெஞ்சு வெச்சு முறுக்கினேன். வீல் கப்பைக் கழட்டினேன். டயருக்குக் காத்து எப்பவும் வெக்கறதை விடக் கொஞ்சம் கூட வெக்கணும். அது சரியா இருக்குதான்னு எப்படித் தெரியும்? டயரோட தோள்பட்டையில சாக்பீஸ்ல கோடு போட்டுட்டு வேகமா ஒரு வளைவு திரும்பிப் பாக்கணும். கோடு எதுவரைக்கும் அழியுதோ, டயரு அதுவரைக்கும் மடங்குதுன்னு அர்த்தம். எங்க லேஅவுட்டுல கடைசி மனைக பூரா காலியாக் கெடக்குது. ரெண்டு வாரம் காலையில ஆறு மணிக்கு அங்க போயி திரும்பித் திரும்பிப் பாத்தேன். நடை போறவங்க நின்னு பாப்பாங்க. ஒருத்தரு, "ஏனுங்க, ஏதாச்சும் காணாமப் போச்சுங்களா?"ன்னு கேட்டாரு. விவரமாச் சொன்னேன், சாக்பீஸ் கோட்டைக் காட்டிச் சொன்னேன். அடுத்த நாள்ல இருந்து அவரு அந்தப் பக்கம் வரலை. முழங்கால் வலியாட்ட இருக்குது.

என்னங்க? ஏசிங்களா? போட்டுத்தான் இருக்கேன். சித்த நேரத்துல குளுரும்.

முக்கியமான விதி ஒண்ணு இருக்குதுங்க. வண்டிக்குள்ள கழண்டு கெடக்கற சாமான் ஒண்ணுகூட இருக்கக் கூடாது. குடை, தண்ணி பாட்டிலு, மிதியடி, ஸ்டெப்னி, ஜாக்கி, எல்லாம் வெளிய. ஆபத்து ஒரு பக்கம், எடை ஒரு பக்கம். ஒரு ஞாயித்துக்கெழமை எல்லாத்தையும் எடுத்து வெளிய போட்டேன். எங்க இருந்துதான் இத்தனையும் வந்துச்சோ! இந்தா, நீங்க உக்காந்திருக்கற சீட்டுக்கு அடியில மட்டும் ஊக்குக அரை டப்பா. வாந்தி மாத்தரை அட்டை. கொண்டை ஊசி. பூ கட்டுன நாரு. கதவுச் சந்துல கோயில் துண்ணூறு பொட்டலம் பதினாலு. எல்லாம் வசந்தாமணியோடது. சமையல்கட்டுத் தராசுல வெச்சேன். ஒண்ணு முன்னூத்தி நாப்பது.

உடனே போன் பண்ணினேன். "உன்ற சாமானம் மட்டும் ஒரு கிலோ முன்னூத்தி நாப்பது இருந்துச்சு"ன்னேன். லைன் கட் ஆயிருச்சோன்னு பாத்தேன், ஓடிட்டுத்தான் இருந்துச்சு. "வெச்சிருக்கறதா, போட்டர்றதா?"ன்னு கேட்டேன்.

"போட்டருங்க"ன்னா.

போட்டுட்டேன். அவளே சொல்லிட்டா, அப்பறம் என்ன?

ஆனா அதுக்கு நாலு நாள் கழிச்சு அவளா கூப்பிட்டாளுங்க. அவளா கூப்பிடறது கம்மி. "என்னைக்குப் போட்டி?"ன்னா. தேதி சொன்னேன். "நான் வேணா வரட்டுங்களா பாக்கறதுக்கு? சனிக்கெழமை பஸ் ஏறுனா சாயங்காலம் வந்தர்லாம்"ன்னா. நான் எதார்த்தத்தைச் சொன்னேன். மைதானத்துல நெழலே கெடையாது. நீ வண்டியில உக்கார முடியாது, எடை. எறக்கி வெச்ச சாமானத்துக்குப் பக்கத்துல நாலு மணி நேரம் நின்னுட்டிருக்கோணும். எனக்கு மொத்தம் மூணு ஓட்டம், ஒண்ணொண்ணும் ஒரு நிமிஷம். மூணு நிமிஷம் பாக்கறதுக்கு அவ்வளவு தூரம் எதுக்கு, யோசிச்சுக்கன்னேன்.

"சரிங்க, வரலை"ன்னா.

அவ்வளவுதான் அவளுக்கு ஆர்வம். நெசமா ஆசை இருந்திருந்தா கெளம்பி வந்திருக்க மாட்டாளா, சொல்லுங்க?

போட்டி கருமத்தம்பட்டிக்குப் பக்கத்துல, மூடிக் கெடக்கற ஒரு மில்லோட லாரி நிறுத்தற மைதானத்துல. பத்தொன்பது வண்டி. மொதல்ல பரிசோதனை. அதுக்குன்னு இருந்த ஒருத்தரு வந்து சக்கரத்தைப் புடிச்சு ஆட்டிப் பாத்தாரு, பேட்டரியை ஆட்டிப் பாத்தாரு, பிரேக்கை மிதிக்கச் சொன்னாரு, உள்ள எட்டிப் பாத்தாரு. "அண்ணா, இவ்வளவு சுத்தமா ஒரு வண்டி நான் பாத்ததில்லை. ஷோரூம்ல கூட இல்லை"ன்னாரு. முப்பத்தோரு வருசம் நான் அடுத்தவங்க வேலைக்கு மார்க்குப் போட்டேன். எனக்கு ஒருத்தரு பச்சை மார்க்குப் போட்டது அன்னிக்குத்தான். திரும்பிப் பாத்தேன், யாருகிட்டயாவது சொல்லலாம்னு. அவரு அதுக்குள்ள அடுத்த வண்டிக்குப் போயிட்டாரு.

அப்பறம் பாதையை நடந்து பாக்கணும். எல்லாரும் கூட்டமாத்தான் நடந்தாங்க. அண்ணன் தம்பி, புருசன் பொண்டாட்டி, கூட்டாளிக. இந்த எடத்துல பிரேக்கு, இந்த எடத்துல திருப்புன்னு பேசிட்டே போறாங்க. நான் தனியா நடந்தேன். கோனை எண்ணினேன். தொண்ணூத்தி நாலு. அதுல மூணு, தரையில போட்ட கட்டத்தை விட்டு நகந்து நின்னுச்சு. போயி சொன்னேன். சரி பண்ணினாங்க. ரெண்டாவது தடவை நடக்கும்போது இன்னும் ஒண்ணு. அதையும் சொன்னேன்.

ஹெல்மெட்டு மாட்டிட்டு மொத ஓட்டத்துக்குப் போனனுங்க. கொடியைக் காட்டினதும் எடுத்தேன். வண்டி நல்லாப் போச்சு. ஒரு சத்தமில்லை, ஒரு ஆட்டமில்லை. ஆனா நடந்து பாக்கும்போது பாதையாத் தெரிஞ்சது, உள்ள உக்காந்து பாத்தா வெறும் ஆரஞ்சுக் கடலா இருக்குது. நாலாவது வளைவுல எடது போகணுமா வலது போகணுமான்னு தெரியலை. வலது போனேன். தப்பு. கடைசி வாசலுக்குப் பின்பக்கமா போயி நின்னேன். 'வழி தப்பு'ன்னு மைக்குல சொன்னாங்க. நேரம் கணக்குல இல்லை. சிரிச்சாங்களான்னு தெரியலை, ஹெல்மெட்டு போட்டா அவ்வளவாக் கேக்காது.

ரெண்டாவது ஓட்டம். வழி தப்பலை. ஆனா ஏழு கோனை இடிச்சுட்டேன். ஒரு கோனுக்கு ரெண்டு நொடி கூட்டிக்குவாங்க. ஏழு கோனு! முப்பத்தோரு வருசத்துல என் கண்ணுக்கு ஒரு நூலு பிசகினது கெடையாது, எனக்கு ஒண்ணுமே புரியலை. வண்டியை ஓரமா நிறுத்திட்டு, காத்துப் பாத்தேன், சாக்பீஸ் கோட்டைப் பாத்தேன், எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.

அப்பத்தான் அந்த அம்மிணி வந்துச்சு. நஸ்ரின்னு கழுத்து அட்டையில போட்டிருந்துச்சு. முப்பது, முப்பத்திரெண்டு வயசு இருக்கும். ஏதோ பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சராம், லீவு நாள்ல புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறதுக்கு வருமாம். "அங்கிள், மூணாவது ரன்னுக்கு நான் கூட உக்காரட்டுங்களா?"ன்னு கேட்டுச்சு.

நான், "உங்க எடை எவ்வளவு?"ன்னேன்.

சிரிச்சிருச்சுங்க. நல்லா வாய்விட்டு. "அறுபத்தொண்ணு அங்கிள். ஹெல்மெட்டோட அறுபத்திரெண்டரைன்னு வெச்சுக்கோங்க."

மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். அரை நொடி போகும். ஆனா ஏழு கோனு பதினாலு நொடி. சரி, உக்காருங்கன்னேன்.

கொடி காட்டினாங்க. எடுத்தேன். மொத வளைவுலயே அந்த அம்மிணி கத்துச்சு. "கோனைப் பாக்காதீங்க அங்கிள்! கோனையே பாத்தா கோன்மேலதான் போவீங்க! அங்க பாருங்க, அடுத்ததைப் பாருங்க!" கையை நீட்டிக் காட்டுது. நான் கண்ணைத் தூக்கினேன். வண்டி தானா அந்தப் பக்கம் போகுது! "சூப்பர்! இப்போ வலது. விடுங்க, விடுங்க, பிரேக்கு வேண்டாம். அப்படித்தான் அங்கிள்!" என்னை யாரும் அப்படித்தான், அப்படித்தான்னு சொல்லி நான் கேட்டதில்லீங்க. ஒரு கோனு விழலை. அறுபத்தொண்ணு புள்ளி எட்டு நொடி. பத்தொன்பது வண்டியில பதினேழாவது. எனக்குப் பின்னால வந்த ரெண்டு பேரும் மூணு ஓட்டத்துலயும் வழி தப்பினவங்க.

நிறுத்தற எடத்துக்கு வந்ததும் அந்த அம்மிணி பெல்ட்டைக் கழட்டிட்டு, "செம அங்கிள், அடுத்த ரவுண்டுக்கு வந்துருங்க"ன்னுட்டு எறங்கி, ஒரு செகப்புக் கார்க்காரருகிட்ட ஓடிருச்சு. அதுக்கு அது வேலை. நான் அப்படியே உக்காந்திருந்தேன். இந்த சீட்டு சித்த நேரம் அமுங்கின மேனிக்கே இருந்துச்சுங்க. அப்பறம் மெதுவா மேல வந்துச்சு. ஸ்பாஞ்சு அப்படித்தான், உடனே வராது. பின்னால ஹார்ன் அடிச்சாங்க. கொடி ஆட்டுறவரு வந்து கண்ணாடியைத் தட்டி, "அண்ணா, வண்டியில ஏதாச்சும் பிரச்சனைங்களா?"ன்னு கேட்டாரு.

வண்டியில ஒரு பிரச்சனையும் இல்லைன்னேன்.

வீட்டுக்கு வந்து வசந்தாமணிக்குப் போன் போட்டேன். சொன்னேன். பதினேழாவது இடம், அறுபத்தொண்ணு புள்ளி எட்டு.

"தனியாவா ஓட்டுனீங்க?"ன்னா.

"கடைசி ஓட்டத்துல ஒரு டீச்சரம்மா கூட உக்காந்துச்சு. எங்க பாக்கணும்னு சொல்லிட்டே வந்துச்சு."

"அவங்க சொல்லச் சொல்ல நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன். ஹெல்மெட்டு போட்டிருந்தாலும் பக்கத்துல பேசறது கேக்குது"ன்னேன்.

அவ சிரிச்ச மாதிரி இருந்துச்சு. சிரிச்சாளா, வேற ஏதாச்சுமான்னு சொல்ல முடியலீங்க. அப்பறம், பேத்திக்குச் சோறு ஊட்டணும்னு வெச்சுட்டா.

அடுத்த ரவுண்டு வர்ற மாசம் மொத ஞாயிறு. இந்தத் தடவை ரெண்டு பேரா போலாம்னு ஒரு யோசனை. அதைப் போன்ல சொல்ல வரலீங்க. மூணு தடவை கூப்பிட்டு, டயருக்குக் காத்து எவ்வளவுன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். நேர்ல சொல்லிக்கலாம்னுதான் இப்போ கெளம்பிட்டேன். எடையைப் பத்தி யோசிக்க வேண்டாம்னு சொல்லிருவேன். அவ எடை அறுபத்தி நாலு. அது ஓசூர் போறதுக்கு முன்னால. இப்போ எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதுங்க. போன பொங்கலுக்குப் பாத்தப்போ மெலிஞ்சிருந்தா. நானும் என்ன ஏதுன்னு கேக்கலை. சர்க்கரையா இருக்கும்னு நெனைச்சேன்.

நேத்து, "நான் ஒருநாள் வரட்டுமா வசந்தா?"ன்னு கேட்டேன். எப்பவும் நான் வர்றேன்னுதான் சொல்லுவேன், வரட்டுமான்னு கேட்டதில்லை. ஏன் அப்படி வந்துச்சுன்னு தெரியலை. அதுக்கு அவ, "என்னைக் கூட்டிட்டுப் போறதுக்குன்னா வேண்டாமுங்க. சும்மா என்னைப் பாக்கறதுக்குன்னா வாங்க"ன்னா. எனக்கு அது வெளங்கலை. விடியற வரைக்கும் வெளங்கலை. உங்களுக்கு ஏதாச்சும்...

இருங்க, போன் அடிக்குது. அவதான். ஓட்டிட்டே நான் எடுக்க மாட்டேன், ஓரம் கட்டிக்கறேன். சங்ககிரி வந்தாச்சு, இங்க எடம் இருக்குது.

ம், சொல்லு வசந்தா. சங்ககிரிக்கு வந்துட்டேன். ஓரமாத்தான் நிக்கறேன். சாப்பிட்டாச்சு. இல்லை இல்லை, தனியா இல்லை. ஒருத்தரு கூட வர்றாரு. பெருந்துறையில பஸ்ஸு நின்னு போச்சு, நான் ஏத்திக்கிட்டேன். சேலம் போறாரு. ஆமா, நல்ல மனுசன். பேச்சுத் துணைக்கு ஆச்சு, நேரம் போனதே தெரியலை.

என்ன பேசினாரா? அவரு... அவரு வந்து...

நான் போட்டியைப் பத்திச் சொல்லிட்டு வந்தேன். ஆமா, மொதல்ல இருந்து. ஆமா, சாக்பீஸும்தான்.

பேரா?

இரு.

அவ வெக்கலீங்க. லைன்லயே இருக்கறா. கேளுங்கங்கறா.

ஏனுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்க பேரு என்னங்க?